பிளைத்பரோ தேவாலயம்: நாய், துப்பாக்கி, வறுமை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் மாவட்டத்தில், பிளைத் ஆறு கடலைத் தொடுமுன் அகன்று சேற்றுவெளியாகக் கிடக்கும் இடத்தில் பிளைத்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். இப்ஸ்விச்சிலிருந்து லோவஸ்டாஃப்ட் போகும் ஏ12 நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு, ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் தேவாலயம் தெரிந்துவிடும். 120 அடிக்கு மேல் நீளம். மேல்மட்டத்தில் பக்கத்துக்குப் பதினெட்டாக இடைவிடாமல் ஓடும் சாளர வரிசை. சுற்றுவட்டாரத்தார் இதைச் 'சதுப்புநிலப் பேராலயம்' என்றே சொல்கிறார்கள். ஆனால் ஆயர் அமரும் பேராலயமாக இது ஒருநாளும் இருந்ததில்லை. பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் அமைந்த, ஊர்ச் சபைக்கான (பங்கு) தேவாலயம்தான்.

இந்தக் கட்டடத்தில் காயங்கள் நிறைய. கோபுரத்தின் உச்சிக் கூம்பு இல்லை. வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. ஞானஸ்நானத் தொட்டியின் சிற்பங்கள் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கின்றன. வண்ணக் கண்ணாடியில் மிஞ்சியவை சில துண்டுகளே. கூரையிலிருக்கும் மரத் தேவதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஊரில் இரண்டு குற்றவாளிகளின் பெயர் சொல்லப்படுகிறது: ஒன்று பேய் நாய், மற்றொன்று வில்லியம் டவுசிங் என்ற பியூரிட்டன் அதிகாரி (பியூரிட்டன்கள் ஆலயங்களில் உருவங்களே கூடாது என்ற கடுமையான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்). இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஆவணங்களோடும் மரத்தோடும் கல்லோடும் பொருத்திப் பார்ப்பதே இந்த ஆய்வு. பொருத்திப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு காரணம் முன்னுக்கு வருகிறது. இந்தத் தேவாலயத்தை மிக நீண்ட காலம் சிதைத்தது வறுமை. அதன் மிகச் சிறந்த பகுதியை நம் காலம் வரை விட்டுவைத்ததும் அதே வறுமைதான் என்பது என் முடிவு.

ஊர் பெரியதாக இருந்த காலம்

இந்த இடத்தின் பழமை கட்டடத்தைவிட நெடியது. இன்றைய சஃபோக், நார்ஃபோக் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவின் கிறிஸ்தவ அரசர் அன்னா 654இல் மெர்சியா நாட்டு அரசர் பெண்டாவோடு நடந்த போரில் மாண்டார். போர்க்களம் பக்கத்திலுள்ள புல்காம்ப் என்பது மரபு. அவர் உடல் பிளைத்பரோவில் அடக்கம் செய்யப்பட்டதாக 12ஆம் நூற்றாண்டில் ஈலி மடத்தில் எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது. இந்த ஊர்ப்பகுதியில் கிடைத்த, திமிங்கில எலும்பாலான சாக்சன் காலத்து எழுதுபலகை ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எழுதுபலகை இருந்தால் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். அந்தக் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் துறவிகளே.

நார்மானியர் வந்தபோது இது அரச உடைமை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹென்றி இங்கிருந்த தேவாலயத்தை எசெக்ஸிலுள்ள புனித ஓசித் மடத்துக்குக் கொடுத்தார். அதன் கிளையாக அகஸ்தீனியத் துறவிகளின் சிறு மடம் ஒன்று இங்கே உருவானது. ஆறு அப்போது ஆழமாக இருந்தது. கடலிலிருந்து படகுகள் ஊர்த்துறை வரை வந்தன. சந்தை கூடியது, ஆண்டுச் சந்தைகள் நடந்தன, மீனும் கம்பளியும் கைமாறின.

இன்று நிற்கும் கட்டடத்தில் மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிந்தியது. 1412இல் நான்காம் ஹென்றியின் அனுமதி கிடைத்த பிறகு, பழைய தேவாலயம் இருந்த இடத்தில் புதியதை எழுப்பத் தொடங்கி, 15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை அந்த வேலையிலேயே கழித்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா உத்தரிக்கும் தலத்தில் கிடந்து தூய்மை பெறுகிறது, உயிரோடு இருப்பவர்கள் செய்யும் செபம் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்று அன்றைய மக்கள் முழு மனத்தோடு நம்பினார்கள். ஆகவே உயில் எழுதுகிறவர்கள் ஒரு சாளரத்துக்கோ கூரைக்கோ ஒரு தொகை எழுதி வைத்தார்கள். அதற்குக் கைம்மாறாகக் கல்லிலோ கண்ணாடியிலோ பித்தளைத் தகட்டிலோ அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டு, 'இவர் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்ற லத்தீன் வாசகம் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த இத்தகைய கொடைகளைக் கொண்டுதான் கிழக்கு ஆங்கிலியாவின் பெரிய தேவாலயங்கள் எழுந்தன. பிளைத்பரோவின் நிலவுடைமையாளர் ஜான் ஹாப்டன் 1430இல் இந்தச் சொத்துக்கு வாரிசாகி, 1478 வரை வாழ்ந்தவர். பீடப்பகுதியின் வடபுறத்தில் ஹாப்டன் குடும்பத்தின் சிற்றாலயம் இருக்கிறது. குடும்பத்து ஆன்மாக்களுக்காகத் திருப்பலி நடப்பதற்கென்றே அமைந்த இடம் அது. அதையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் இடத்தில் ஹாப்டன் கல்லறை நிற்கிறது. அதன் பித்தளைத் தகடுகள் போய், பதித்த பள்ளங்கள் மட்டும் தெரிகின்றன.

கட்டடம்

சஃபோக்கில் கட்டடக் கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் வருவது சிக்கிமுக்கிக் கல். கண்ணாடிபோல் உடையும், கத்திபோல் வெட்டும், சதுரமாகச் செதுக்க இணங்காது. ஆகவே சுவரின் உடலை முழுக்கச் சிக்கிமுக்கிக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பி, மூலைகளுக்கும் சாளரச் சட்டங்களுக்கும் மட்டும் வெளியிலிருந்து நல்ல கல்லை நீர்வழியே வரவழைத்தார்கள். கல் இல்லாத இந்தக் குறையிலிருந்தே ஒரு கலை பிறந்தது. சிக்கிமுக்கியை உடைத்து அதன் கருமையான உள்முகத்தை வெளியே காட்டி, வெளிர்நிறக் கல்லோடு ஒரே மட்டமாகப் பதித்து, சுவரில் கறுப்பு வெள்ளையாக வடிவங்களை வரைந்தார்கள். பிளைத்பரோவில் கிழக்குச் சுவரின் அடியில் கிரீடம் சூடிய எழுத்துகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. தென்புறக் கைப்பிடிச் சுவர் துளை வேலைப்பாட்டோடு ஓடுகிறது. அதன்மேல் விலங்குருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் முதலில் தாக்குவது வெளிச்சம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் கோலோச்சிய செங்குத்துப் பாணியின் இலக்கணம் இதில் முழுமையாக இருக்கிறது. மெல்லிய தூண்கள், அகன்ற பக்கக்கூடச் சாளரங்கள், அவற்றுக்கு மேலே சுவரையே கண்ணாடியாக்கிவிட்ட அந்தப் பதினெட்டுச் சாளர வரிசை. பல தேவாலயங்களில் மக்கள் நிற்கும் நடுக்கூடத்துக்கும் குருவின் பீடப்பகுதிக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு இருக்கும். இங்கே அது இல்லை. கூரை மேற்கிலிருந்து கிழக்குக் கோடி வரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. எல்லையைக் காட்டுவதற்கு மரத்தடுப்பு மட்டுமே இருந்தது.

அந்தக் கூரைதான் பிளைத்பரோவின் உயிர். ஈயத் தகடு வேயப்பட்ட, சரிவு குறைந்த ஓக் மரக் கூரை. ஒவ்வொரு பெரிய உத்தரத்தின் நடுவிலும் முதுகோடு முதுகு ஒட்டிய இரு தேவதூதர்கள், ஒருவர் கிழக்கு நோக்கி, மற்றவர் மேற்கு நோக்கி, சிறகுகளை முழுக்க விரித்துக் கையில் கேடயம் ஏந்தியிருக்கிறார்கள். கேடயங்களில் கொடையாளிக் குடும்பங்களின் சின்னங்கள். உத்தரங்களிலும் சட்டங்களிலும் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்களும் இயேசுவின் பெயர்க்குறி எழுத்துகளும் வரையப்பட்டிருக்கின்றன. நிறம் மங்கிவிட்டது. ஆனால் அது அந்தக் காலத்துக் கை தீட்டிய நிறம். பிறகு வந்தவர்கள் மறுபூச்சுப் பூசியது அல்ல.

தேவதூதர் கூரை என்ற கருத்துக்கு வழிகாட்டி 1390களில் இரண்டாம் ரிச்சர்டுக்காக ஹியூ ஹெர்லாண்ட் அமைத்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக் கூரை என்று கருதப்படுகிறது. அங்கிருந்து அது கிழக்கு ஆங்கிலியாவுக்கு வந்து வேரூன்றியது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் இத்தகைய கூரைகளில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவற்றுள் பிளைத்பரோவுக்கு நிகராக எனக்கு இன்னொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. இதைவிட நுணுக்கமான கூரைகள் உண்டு. இவ்வளவு எளிமையும் இவ்வளவு வெளிச்சமும் இவ்வளவு பழைய நிறமும் ஒரே இடத்தில் சேர்வது அரிது.

நீண்ட இருக்கைகளின் முனைகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முனையின் உச்சியிலும் முழங்கை உயர உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. பெரும் பாவங்கள், இரக்கச் செயல்கள், ஆண்டின் பருவ வேலைகள் என்று வரிசை போகிறது. சோம்பல் கட்டிலில் போர்வைக்குள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனி தன் தொந்தியை இரு கையாலும் பிடித்திருக்கிறது. பேராசை பணப்பெட்டியின் மேல் அமர்ந்திருக்கிறது. அந்தத் தச்சர் தம் ஊராரையே பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு முகங்களில் உயிர் இருக்கிறது.

முதல் குற்றச்சாட்டு: நாய்

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது கடும் இடியும் மின்னலும் தேவாலயத்தைத் தாக்கின. அதே நாளில் பங்கே என்ற அருகிலுள்ள ஊரின் புனித மரியா தேவாலயத்திலும் இடி விழுந்தது. சில நாட்களிலேயே லண்டனில் ஆபிரகாம் பிளெமிங் என்பவர் எழுதிய சிறு பிரசுரம் வெளியானது. கரிய நாயின் உருவில் ஒரு பயங்கரம் பங்கே தேவாலயத்துக்குள் ஓடி, மண்டியிட்டிருந்த இருவரின் கழுத்தைத் திருகிக் கொன்றது. பிறகு பிளைத்பரோவுக்குப் போய் உத்தரத்தின் மேல் ஏறி, அங்கிருந்து பாய்ந்து இரண்டு ஆண்களையும் ஒரு சிறுவனையும் கொன்று, இன்னொருவர் கையைச் சுட்டது என்று அது சொல்கிறது. கிழக்கு ஆங்கிலிய நாட்டார் கதைகளில் 'கரிய ஷக்' என்ற பேய் நாய் உண்டு. இரண்டும் காலப்போக்கில் ஒன்றாயின. வடக்குக் கதவிலுள்ள கருகிய தடங்கள் அந்த நாயின் நகம் பட்ட இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

இந்தச் சம்பவத்துக்கு இன்னொரு சாட்சியம் இருக்கிறது. ஹோலின்ஷெட்டின் பெயரால் அறியப்படும் வரலாற்றுத் தொகுப்பின் 1587 பதிப்பு இதே நாளைப் பதிவு செய்கிறது. காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே, குரு இரண்டாவது வாசகத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, மின்னல் சுவரைத் துளைத்துத் தரைக்குள் ஏறக்குறைய ஒரு கஜ ஆழம் இறங்கியது. அந்தப் பக்கம் இருந்த இருபதுக்கும் மேற்பட்டோரை வீழ்த்தியது. சுவரைக் கிழித்து, கதவைப் பிளந்து, கோபுரத்துக்குத் திரும்பி மரத்தைச் சிதைத்து, மணிப்பொறியை உடைத்து, பங்கேயை நோக்கிப் போனது. அரை மணி நேரத்துக்கு மேல் மக்கள் குப்புறக் கிடந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணும் பதினைந்து வயதுச் சிறுவனும் இறந்து கிடந்தார்கள். மற்றவர்கள் உடல் கருகியிருந்தது.

இதில் நாய் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை பிளெமிங் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. புயல் போன திசையும் தலைகீழ்: பிளெமிங்கின் நாய் பங்கேயிலிருந்து பிளைத்பரோவுக்கு வருகிறது, இந்தக் குறிப்பில் மின்னல் பிளைத்பரோவிலிருந்து பங்கேக்குப் போகிறது. பங்கேயின் பங்குப் பதிவேட்டைப் பார்த்தால் அங்கும் நாய் இல்லை. செப நேரத்தில், மணிக்கூண்டில் இருந்த இருவர் புயலில் மாண்டார்கள் என்று மட்டும் இருக்கிறது.

ஹோலின்ஷெட் தொகுப்பின் விவரிப்பு மின்னலின் இயல்போடு வியக்கும் அளவுக்குப் பொருந்துகிறது. சமவெளியில் தனித்து நிற்கும் உயர்ந்த கோபுரம், அதன்மேல் கூம்பு. இடிதாங்கி என்ற கருவி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது. மின்னோட்டம் ஈரச் சுவர் வழியாகத் தரைக்கு இறங்கும்போது சுவருக்குள்ளிருக்கும் நீர் கணத்தில் ஆவியாகிறது; அந்த அழுத்தத்தில் கல்லும் மரமும் வெடிக்கின்றன. தரைக்குள் பரவும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர்களைக் கூட்டமாக வீழ்த்துகிறது. இருபது பேர் ஒரே பக்கத்தில் விழுந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. கோபுரத்தின் கூம்பு இந்தப் புயலில்தான் சரிந்தது என்பதே ஊரின் நினைவு. கோபுரத்து மரம் சிதைந்தது என்ற பதிவு அதற்கு ஆதரவாக நிற்கிறது.

கதவுத் தடங்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் தேவாலயங்களிலும் மரத்தில் கருகிய தடங்கள் ஏராளமாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன. மெழுகுச் சுடரைச் சாய்வாகப் பிடித்து, ஒரே இடத்தில் பல நிமிடம் காட்டினால்தான் அத்தகைய தடம் விழும் என்று பரிசோதனைகள் காட்டின. தற்செயலாக விழ வாய்ப்புக் குறைவு. தீயிலிருந்தும் தீய சக்தியிலிருந்தும் காப்பதற்காக வேண்டுமென்றே வைத்தவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பிளைத்பரோ கதவையும் இந்தக் கோணத்தில் பார்க்க இடமிருக்கிறது. அப்படியானால், பேய் விட்டுச்சென்றதாகக் காட்டப்படும் தடம் பேயைத் தடுப்பதற்கு மனிதர்கள் வைத்த தடமாகிறது. எனக்கு இந்த விளக்கம் நாயைவிட மனத்தைத் தொடுகிறது.

புயலைவிட முக்கியமானது அதற்குப் பின் நடக்காமல் போனது. கூம்பு திரும்பக் கட்டப்படவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊர் ஒரு தேவாலயம் முழுவதையும் எழுப்பியது. 1577இல் ஒரு கூம்பை எழுப்ப அதனிடம் பணம் இல்லை. ஏன்?

பணம் வற்றியது எப்படி

1537இல் அரசர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட்டது. 1547இல் அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், இறந்தவர்களுக்கான திருப்பலிக்கென்று விடப்பட்ட நிலங்களும் நிதிகளும் சட்டத்தின்மூலம் பறிமுதலாயின. உத்தரிக்கும் தலமே கட்டுக்கதை என்று, ரோமிலிருந்து பிரிந்த புதிய திருச்சபை அறிவித்தது. அதோடு உயிலில் கூரைக்கும் சாளரத்துக்கும் எழுதி வைக்க எவருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டவும் காக்கவும் ஓடிவந்த ஊற்று ஒரே தலைமுறையில் அடைபட்டது.

ஆறும் அதே சமயம் தூர்ந்துகொண்டிருந்தது. கடற்கரையின் மணல் நகர்வால், அருகிலுள்ள கடலோர ஊரான டன்னிச்சின் துறைமுகம் அழிந்த கதை உலகறிந்தது. பிளைத் ஆற்றின் முகமும் அதே சிக்கலில் தவித்தது. கப்பல்கள் பெரிதாகின, ஆறு ஆழம் குறைந்தது. வணிகம் கடலோர ஊர்களுக்குப் போய்விட்டது. 1676இல் ஊரில் பெருந்தீ பிடித்தது. வீடிழந்தவர்களில் பலர் திரும்பக் கட்டாமலே வெளியேறினார்கள். பேராலய அளவிலான கட்டடம் நின்றது. அதைத் தாங்க வேண்டிய ஊர் அதன் அடியிலிருந்து நழுவிவிட்டது.

இரண்டாம் குற்றச்சாட்டு: டவுசிங்

1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஆலயங்களிலுள்ள மூடநம்பிக்கைச் சின்னங்களை அழிக்க நாடாளுமன்றம் ஆணையிட்டது. கிழக்கு மாவட்டங்களில் அதை நிறைவேற்ற 1643 டிசம்பரில் மான்செஸ்டர் பிரபு நியமித்தவர்தான் வில்லியம் டவுசிங். கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலுமாக 250க்கும் அதிகமான தேவாலயங்களுக்குப் போனார். போன இடத்தில் என்ன செய்தார் என்று குறிப்பேடு எழுதினார். பொதுவாக ஒரு தேவாலயத்துக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்கினார். அழித்தவரே எழுதிய கணக்கு என்பதால் ஆய்வாளருக்கு இதைப் போன்ற சாட்சியம் வாய்ப்பது அரிது.

பிளைத்பரோவுக்கு அவர் வந்தது 1644 ஏப்ரல் 9. மூடநம்பிக்கைப் படங்கள் இருபது, வெளியே ஒன்று, முகப்பு மண்டபத்தில் இரண்டு, கோபுரத்தில் ஒன்று என்று எண்ணுகிறார். ஆன்மாவுக்காக மன்றாடக் கேட்கும் வாசகங்கள் மூன்றை உடைத்ததாகச் சொல்கிறார். தேவாலயத்திலும் பீடப்பகுதியிலும் உள்ள இருபது கெரூபீன்களை, அதாவது சிறகுள்ள தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும் என்றும், இன்னும் இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டுப் போகிறார்.

இந்தக் குறிப்பைக் கூர்ந்து படித்தால் பல விஷயங்கள் விளங்கும். 'படங்கள்' என்று அவர் சொல்வதில் பெரும்பகுதி வண்ணக் கண்ணாடி. பிளைத்பரோவின் கண்ணாடி இழப்பில் அவருக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் உடைத்த அந்த மூன்று வாசகங்களை நினைக்கும்போது வருத்தம் வருகிறது. இந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அதற்கு ஈடாகக் கேட்டது அந்த ஒரு வரியை மட்டும்தான்.

ஆனால் ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை. எதையும் விடாமல் எண்ணும் மனிதர், முழுச் சிற்பங்களோடு நிற்கும் தொட்டியைக் கண்டு பேசாமல் போயிருப்பார் என்று நம்ப முடியவில்லை. அந்தச் சேதம் அவருக்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். எட்வர்டு காலத்துச் சீர்திருத்தவாதிகளையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

கூரைத் தேவதூதர்களை அவர் இறக்கவில்லை. இறக்கச் சொன்னார். இந்த வேறுபாடுதான் வழக்கைத் தீர்க்கிறது. உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்கள் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள். அந்த உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும், தச்சரை அமர்த்த வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். தேவதூதர்களில் இன்று ஒரு டஜன் அளவில் மேலே இருக்கிறார்கள். ஊராருக்கு அவர்கள்மேல் பாசம் இருந்ததா, பணம் இல்லாமல் போனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

அப்படியானால் துப்பாக்கிக் குண்டுகள்? டவுசிங்கின் படைவீரர்கள் ஏணி எட்டாத கோபத்தில் சுட்டார்கள் என்பது நெடுநாள் கதை. தூண்களில் இருக்கும் இரும்பு வளையங்களைக் காட்டி, அவர்கள் உள்ளேயே குதிரை கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். கூரையைப் பழுதுபார்த்தபோது கிடைத்த ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டு வகை என்று தெரியவந்தது. அதே நூற்றாண்டில், உள்ளே கூடுகட்டிய ஜாக்டா என்ற சிறு காக்கைகளைச் சுட்டதற்காக ஆட்களுக்குப் பணம் கொடுத்த பதிவு தேவாலயக் கணக்கில் இருக்கிறது. காக்கைக்கு வைத்த குறி சிறகுகளில் பட்டிருக்கிறது. டவுசிங் இந்தக் குற்றத்திலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட வேண்டியவர். காக்கைகள் உள்ளே வந்து கூடுகட்டும் அளவுக்குச் சாளரங்களும் கூரையும் ஓட்டையாகக் கிடந்தன என்பதையும் அந்தக் கணக்கு போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

ஓட்டைக் கூரையின் இருநூறு ஆண்டுகள்

17ஆம் நூற்றாண்டில் ஹாப்டன் சிற்றாலயம் பள்ளிக்கூடமாகப் பயன்பட்டது. அங்கிருந்து வந்த இருக்கைகளின் மேற்பலகையில் மைக்கூட்டுக் குழிகள் இருக்கின்றன. பையன்கள் கத்தியால் கீறிய எழுத்துகளும் இருக்கின்றன. டிர்க் லோவர்சன் என்ற டச்சுப் பெயருள்ள பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1665ஆம் ஆண்டைச் சேர்த்துப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். அதே இருக்கைகளின் முன்பக்கத்தில் திருத்தூதர்களின் நேர்த்தியான சிற்பங்கள். அவை பழைய மரத்தடுப்பின் மேல்மாடத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. புனிதமும் குறும்பும் ஒரே பலகையின் இரு பக்கம். 1682இல் கடிகார மணியடிக்கும் கவசவீரன் மரப்பொம்மை ஒன்றும் வந்து சேர்ந்தது.

பிறகு நீண்ட சரிவு. கண்ணாடி போட வசதியில்லாத சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மழை நாளில் மக்கள் உள்ளே குடை பிடித்து ஆராதனையில் உட்கார்ந்தார்கள். 1881இல் பாதுகாப்பற்றது என்று சொல்லி ஆயர் தேவாலயத்தை மூடினார்.

இங்கேதான் வறுமையின் மறுபக்கம் வேலை செய்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பணமிருந்த பங்குகள் எல்லாம் தங்கள் தேவாலயங்களைப் 'புதுப்பித்து'க்கொண்டிருந்தன. பழைய சாந்தைச் சுரண்டினார்கள், தேய்ந்த சிற்பத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள், பழைய இருக்கைகளை வீசினார்கள், மங்கிய நிறத்தின்மேல் பளிச்சென்று தீட்டினார்கள். இந்தப் போக்கைத் தடுக்க 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கட்டடத்தை அது இருக்கிற நிலையில் தாங்கிப் பிடியுங்கள், ஒழுகும் இடத்தை அன்றன்றே அடையுங்கள், காலம் எழுதியதை அழித்துவிட்டு உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள் என்பது அவர்களின் கொள்கை.

பிளைத்பரோவுக்குப் பெரிய அளவில் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது இந்தச் சங்கம் குறுக்கிட்டது. பங்கின் பொறுப்பிலிருந்தவர்களுக்கும் சங்கத்துக்கும் இடையே கசப்பான கடிதப் போர் மூண்டது. பங்கின் பக்கமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தலையில் மழை கொட்டும் இடத்தில் வழிபடச் சொல்வது கொடுமை. லண்டனிலிருந்து அறிவுரை எழுதுவது எளிது. ஆனால் கூரை பிழைத்தது அந்தத் தாமதத்தால்தான். நிதி போதுமான அளவு திரளவில்லை. மிக அவசியமான பழுதுகளை மட்டும் பார்த்து 1884இல் தேவாலயத்தைத் திறந்தார்கள். மீதி வேலைகள் பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தன. அதற்குள் பழுதுபார்ப்பவர்களின் மனப்போக்கும் மாறிவிட்டது. கூரையின் 15ஆம் நூற்றாண்டு நிறத்தின்மேல் யாரும் தூரிகை வைக்கவில்லை. பணக்கார ஊராக இருந்திருந்தால் 1860களிலேயே அது நடந்து முடிந்திருக்கும்.

ஆய்வின் முடிவை இப்படிப் பகிர்ந்தளிக்கிறேன். கோபுரத்தின் சேதமும் இரண்டு உயிர்களும் மின்னல் கணக்கில் சேர வேண்டும். கண்ணாடியின் ஒரு பகுதியும் மூன்று வாசகங்களும் டவுசிங் கணக்கில். தொட்டி அவருக்கு முந்திய சீர்திருத்தக்காரர்களுடையது. குண்டுத் தடங்கள் காக்கை விரட்டியவர்களுடையவை. அடைபட்ட சாளரம், நனைந்த கூரை, திரும்பக் கட்டப்படாத கூம்பு ஆகிய மற்ற எல்லாமே வரவு நின்றுபோன ஓர் ஊரின் கணக்கு.

1969 ஜூன் 7 அன்று ஆல்ட்பரோ இசைவிழாவின் முதல் நாள் இரவில் ஸ்னேப் அரங்கம் எரிந்துபோனது. விழாவை நடத்திய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் குழு சில நாட்களுக்குள் மொசார்ட்டின் இடோமெனியோ இசைநாடகத்தைப் பிளைத்பரோ தேவாலயத்துக்கு மாற்றி நடத்திக் காட்டியது. இன்றும் விழாவின் கச்சேரிகள் இங்கே நடக்கின்றன. வழிபாடும் தொடர்கிறது.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கூரையின் பூ வேலையும் கேடயச் சின்னங்களும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் மேல்வரிசைச் சாளரங்கள் அந்த நிறத்தைத் தெளிவாகக் காட்டும். தேவதூதர்கள் இரு திசையும் நோக்கியிருப்பதால், மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பீடப்பகுதியிலிருந்து மறுபடி மேற்கு நோக்கி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதிப் பேரின் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள்.